கனகத்துக்கு வாசித்த அடிமைப் பிரசுரங்கள்

1. தேயிலைப் பெட்டி

நூலகத்தில் என் முதல் நாள் வேலை கரப்பான் பூச்சி விரட்டுவது. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் மரியாதையாக உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துப் போனவள் நான். நூலகச் சபைத் தலைவர் என்னைப் பின் அறைக்குக் கூட்டிப்போய், சுவரோரம் அடுக்கியிருந்த தேயிலைப் பெட்டிகளைக் காட்டினார்.

"பிள்ளை, இதுகளை ஒருக்காப் பாருங்கோ. எது வேணும், எது வேண்டாம் எண்டு பிரிச்செடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் கோட்டுக்குப் போய்விட்டார். அவர் புரொக்டர், கோட்டில் வழக்குப் பேசுகிறவர். நான் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு முதலாவது பெட்டியைத் திறந்தேன். அதற்குப் பிறகு மத்தியானம் வரை எனக்கும் பூச்சிகளுக்கும் சண்டை.

திருகோணமலையில் இருந்த இங்கிலீஷ்காரரின் கடற்படைத் தளம் கைமாறியபோது, அவர்களுடைய வாசிப்பு அறையில் கப்பலேற்ற விரும்பாத புத்தகங்களை எல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் சின்ன நூலகத்துக்கு வந்தவை இந்தப் பெட்டிகள். பாதி துப்பறியும் கதை, பாதி பிரசங்கம். ஒரு பெட்டியின் அடியில் மட்டும், முதுகைப் பூச்சி தின்ற தோல் அட்டையோடு ஒரு தடித்த வால்யூம் கிடந்தது. விரித்துப் பார்த்தால் அது ஒரு புத்தகம் அல்ல. இருபது முப்பது மெல்லிய பிரசுரங்களைச் சேர்த்து ஒன்றாகத் தைத்திருந்தார்கள்.

இதைப் 'பம்ப்லட் வால்யூம்' என்போம். அந்தக் காலத்தில் ஒருவருக்கு ஒரு கருத்து இருந்தால் அதை மெல்லிய பிரசுரமாக அச்சடித்து விற்பார். பிடிக்காதவர் பதில் அடிப்பார். பிறகு பதிலுக்குப் பதில். யாரோ ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் வாங்கி, சண்டை நடந்த ஒழுங்கிலேயே கட்டிவைப்பார். இதில் நடந்த சண்டை அடிமைகளைப் பற்றியது. கடலுக்கு அப்பால் கரும்புத் தீவுகளில் வேலை செய்த அடிமைகளை விடுவிப்பதா, வைத்திருப்பதா என்று இங்கிலாந்தில் இருந்துகொண்டு மாறி மாறி எழுதியிருந்தார்கள். எனக்குக் கன்னியாஸ்திரிகள் அடித்துப் படிப்பித்த இங்கிலீஷ் இருந்தது. பழைய எழுத்தாக இருந்தாலும் வாசிக்க முடிந்தது.

2. விரிவுரை

தலைவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்கு வேலை தந்தவர் அவர். "பொம்பிளைப் பிள்ளை பின் அறையில தனிய நிண்டு வேலை செய்வாளோ" என்று சபையில் ஒருவர் கேட்டதற்கு, "கேள்வியை அவவிட்ட கேளுங்கோ" என்று சொன்னவர். நல்ல மனிதர். அதே நேரம், என் நியமனம் தற்காலிகம். அதை நிரந்தரமாக்குவதற்கு அவர் கையெழுத்து வேண்டும். இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அந்த வால்யூமைக் காட்டியதும் அவருக்குப் பெரிய சந்தோஷம். நூலக ஆண்டு விழாவில் அடிமை ஒழிப்பைப் பற்றித் தானே பேசுவதாக முடிவு செய்தார். ஒழிக்கச் சொன்னவர்களின் பிரசுரங்களைத் தமிழில் சுருக்கிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் வந்து, சும்மா புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். முகம் சுருங்கியது.

"சீ. இந்தக் குப்பையும் இதுக்குள்ளயே கிடக்கு?"

கரும்புத் தோட்டம் வைத்து, அதில் அடிமைகளை வேலை வாங்கிய ஒரு தோட்டக்காரரின் பிரசுரம் அது.

"இதைத் திருப்பிக் கட்டேக்க, அந்தப் பக்கத்துக்காரன்ர எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிடுங்கோ பிள்ளை. எங்கட நூலகத்தில இதுக்கு இடமில்லை."

"ஓம் ஐயா" என்றேன். புது வேலைக்காரி வேறு என்ன சொல்வாள்?

ரீபைண்டிங் எங்கள் நூலகத்தில் என் கைவேலைதான். வெளியே கொடுத்துக் கட்டுவிக்க வசதியில்லை. கோதுமை மாவில் கூழ் காய்ச்சி, பூச்சி வராமல் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, பழைய நூலை அறுத்துக் கட்டைப் பிரித்தேன். கழட்டப் போகும்போதுதான் சிக்கல் விளங்கியது. பதில் எழுதியவர்கள் எல்லாரும், உமது முதலாவது நியாயத்துக்கு, உமது மூன்றாவது நியாயத்துக்கு என்று எண் போட்டு எழுதியிருந்தார்கள். தோட்டக்காரரை எறிந்துவிட்டால், ஒழிப்புக்காரர் யாரோடு கதைக்கிறார் என்றே தெரியாது. ரெலிபோனில் ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்பதுபோல இருக்கும். எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்கு குலையாமல் அடுக்கி, நாடாவால் கட்டி, விழா முடியட்டும் என்று மேல் தட்டில் வைத்தேன்.

விழா நன்றாக நடந்தது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வாத்திமார் வந்திருந்தார்கள். தலைவர் கோட்டில் பேசுவதைவிட நன்றாகப் பேசினார். ஒருவனின் உழைப்பை அவன் விருப்பமில்லாமல் எடுப்பதற்குக் கருணை என்று பெயர் வைக்க முடியாது என்றார். அடிமைகள் செய்த சீனியைத் தேத்தண்ணிக்குப் போடாதீர்கள் என்று அந்த நாளில் ஒரு பிரசுரம் வந்ததையும், அதை வாசித்துப் பல வீடுகளில் சீனியை நிறுத்தியதையும் சொன்னபோது கைதட்டல் நிற்கவில்லை. நானும் தட்டினேன். அந்தச் சுருக்கம் நான் எழுதியது என்ற பெருமையும் இருந்தது.

வெளி விறாந்தையில் கிடந்த மர வாங்கில், தலைவருக்கு இஞ்சிக் கோப்பி கொண்டுவந்த பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு கனகம் இருந்தாள். யன்னல் திறந்திருந்தது.

3. மற்றப் பக்கத்துக்காரர்

கனகம் தலைவர் வீட்டில் நின்று வீட்டு வேலை செய்கிறவள். வெருகல் ஆறு பெருகி வயலையும் வீட்டையும் கொண்டுபோன ஒரு வருஷம், சிறுபிள்ளையாக இருந்தவளைத் தகப்பன் கொண்டுவந்து அங்கே விட்டிருக்கிறார். தகப்பன் செத்து எவ்வளவோ காலம். கனகத்துக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். தலைவர் வாசித்து முடித்த புத்தகங்களைப் பையில் கொண்டுவந்து தந்து, புதியதை வாங்கிக்கொண்டு போவது அவள்தான். அதனால் நூலகத்துக்கு அவள் வருவதை ஒருவரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

விழா முடிந்த அடுத்த வாரம் பையை மேசையில் வைத்தவள் போகாமல் நின்றாள்.

"மிஸ், அண்டைக்கு ஐயா சொன்னது ஒரு பக்கத்துக் கதைதானே?"

"ஓம்."

"மற்றப் பக்கத்துக்காரர் என்ன சொன்னவங்கள்?"

"அது அடிமை வைச்சிருந்தவங்கட கதை, கனகம். உங்களுக்கு என்னத்துக்கு அது?"

அவள் சுற்றிப் பார்த்தாள். வாசிப்பு மேசையில் ஒரு கிழவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு நித்திரை. பிறகு சொன்னாள். மூதூர் லோஞ்ச் படகு வந்து சேரும் இறங்குதுறையில் சுபைதா என்று ஒரு மூதூர்க்காரி இடியப்பக் கடை வைத்திருக்கிறாள். அவளுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. கூட நின்று பிழிய ஒரு ஆள் தேடுகிறாள். கடையைப் பங்காக நடத்தலாம், பின்னால் ஒரு அறையும் இருக்கிறது என்று கனகத்தைக் கேட்டிருக்கிறாள். கனகத்துக்குப் போக ஆசை.

"அப்ப ஐயாட்டச் சொல்லிட்டுப் போங்கோவன்."

"முந்தி ஒருக்கா வேற இடத்துக்குப் போகக் கேட்டனான் மிஸ். ஐயா கோட்டில கதைக்கிறவரெல்லோ. அவர் கதைச்சு முடிய, நான்தான் அழுது மன்னிப்புக் கேட்டுக் குசினிக்குள்ள அடுப்படிக்குப் போனனான். என்னத்துக்கு மன்னிப்புக் கேட்டனான் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்ல."

சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா என்ன சொல்லுவார் எண்டு முன்கூட்டித் தெரிஞ்சா, இந்தமுறை நானும் வாயைத் திறப்பன்."

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. தலைவர் வீட்டுக் குசினி காலியாவதற்கு நான் உதவினேன் என்று தெரிந்தால் என் மேசையும் காலியாகும். வீட்டில் என் சம்பளத்தை நம்பி அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் இருந்தார்கள். ஆனால் ஒரு வாசகர் ஒரு புத்தகத்தைக் கேட்கிறார், அது நூலகத்தில் இருக்கிறது, கொடுக்காமல் விட எனக்கு என்ன உரிமை? எங்கள் வேலையில் ஏன் என்று கேட்கக் கூடாது என்பார்கள். நான் கேட்டுவிட்டேன். காரணம் தெரிந்த பிறகு மறுப்பது இன்னும் கேவலம். நாளைக்கு ஐயா மத்தியானம் படுக்கிற நேரம் வாருங்கள் என்றேன்.

4. கேள்வியும் பதிலும்

அந்த மத்தியானமும் அதன் பிறகு பல மத்தியானங்களும், பின் அறையில் இரண்டு தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். நான் இங்கிலீஷில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தோட்டக்காரர், அடிமை என்ற சொல்லைக்கூட அதிகம் எழுதவில்லை. எங்கள் ஆட்கள் என்றுதான் எழுதினார். எங்கள் ஆட்களைப் பிள்ளைகளைப்போலப் பார்க்கிறோம் என்றார். இங்கிலாந்தில் கூலிக்கு உழைக்கும் ஏழையைவிட அவர்கள் வயிறார உண்கிறார்கள், நோய் வருத்தம் வந்தால் வைத்தியரைக் கூப்பிடுகிறோம், வெளியே விட்டால் அழிந்துபோவார்கள், அவர்களையே கேளுங்கள், போக விருப்பமில்லை என்பார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார்.

கனகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவர் எங்கட வீட்டுக்கு எப்ப வந்தவர்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. சங்கிலியும் சவுக்கும் பட்டவர்களின் கதை அது. இவளை ஒருவரும் விலைக்கு வாங்கவில்லை, அடிக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"தெரியும் மிஸ். ஐயா என்னில கை வைச்சதில்லை. நான் அடிமை எண்டு சொல்லேல்ல. கதை ஒண்டாயிருக்கு எண்டுதான் சொல்றன்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் ஒவ்வொரு நியாயத்தையும் கேட்டுவிட்டு, "அதுக்கு மற்றவர் என்ன சொன்னவர்?" என்பாள். நான் அடுத்த பிரசுரத்தை எடுத்து, அதே எண்ணைத் தேடி வாசிப்பேன். ஒழுங்கு குலையாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் ஒழிப்புக்காரரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அவர் ஒரு பதில் சொல்வதற்கு வேதாகமத்தில் ஆதியாகமத்திலிருந்து தொடங்கினார்.

"இவர் நல்ல மனுசன். ஆனா நீட்டிக் கதைக்கிறார். இவர் முடிக்கிறதுக்குள்ள ஐயா எழும்பிப் போயிடுவார்."

அதனால் தன் பதில்களைத் தானே செய்துகொண்டாள். நல்ல சாப்பாடு கொடுக்கிறோம் என்றதற்கு, "அவ்வளவு நல்லதெண்டா ஒரு நாளைக்கு ஐயா குசினி வாசல்ல இருந்து சாப்பிட்டுப் பாக்கட்டும்." வருத்தத்தில் பார்த்தோம் என்றதற்கு, "போன மாரிக்கு வீட்டுக்கார அம்மா காய்ச்சலில கிடக்கேக்க ராவிரவா முழிச்சது ஆர்?" விடுதலை நல்லதுதான், ஆனால் இப்போது வேண்டாம், அவர்கள் இன்னும் அதற்குப் பழகவில்லை என்று ஒரு நியாயம் இருந்தது. அதற்குப் பதில் இருந்த பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. நான் மன்னிப்புக் கேட்பதுபோல அந்த ஓட்டையைக் காட்டினேன்.

"பரவாயில்ல மிஸ். நான் இடியப்பம் பிழியப் பழகி எவ்வளவு காலம் எண்டு கேப்பன். அது காணும்."

ஒருநாள், இருந்தாற்போல் கேட்டாள்.

"இதில அவங்கள் ஒருத்தரும் கதைக்கேல்லையோ?"

"எவங்கள்?"

"அந்த ஆக்கள். கரும்பு வெட்டினவங்கள்."

கட்டு முழுவதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாதிரிமார் இருந்தார்கள், வியாபாரிகள், பாராளுமன்றக்காரர், கப்பல் வைத்தியர் ஒருவர். கரும்பு வெட்டியவர்கள் எழுதியதும் எங்கோ இருந்திருக்கும், இந்தக் கட்டைச் சேர்த்தவர் அதை வாங்கவில்லை. அவ்வளவு நாளும் அதைக் கையில் வைத்திருந்தவள் நான். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

கடைசியில் ஒத்திகையும் பார்த்தோம். நான் தலைவரைப்போலத் தொண்டையைச் செருமி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பிள்ளை மாதிரி வளத்தனாங்கள், இதுதானோ நீ செய்யிற கைம்மாறு?" என்றேன். முதல் தடவை அவள் கண் கலங்கி, கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள். நாங்கள் திரும்பத் திரும்பச் செய்தோம். பிறகு பிறகு, நான் வாயைத் திறக்க முதலே பதில் வந்தது. நின்ற நிலையும் மாறியது. தலையைக் குனிந்துகொண்டு கதவோடு ஒட்டி நிற்கிறவள், அறையின் நடுவில் வந்து நின்றாள்.

5. தலைவர் தானே கொண்டுவந்த பை

அடுத்த கிழமை கனகம் வரவில்லை. தலைவர் வந்தார். புத்தகப் பை அவர் கையில் இருந்தது. அந்தப் பையை அவர் தூக்கி நான் கண்டதில்லை. பிடிக்கத் தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"கனகம் போயிட்டாள், தெரியுமோ பிள்ளை?"

"தெரியாது ஐயா." அது உண்மை. போவாள் என்று தெரியும், போனது தெரியாது.

"நேர வந்து முன்னுக்கு நிண்டு சொன்னாள். அவள் அப்பிடி நிக்கிறவளில்லை. ஆர் பழக்கினது எண்டு வீட்டில கேக்கினம்."

தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அவளை அவ்வளவு நேராக நிற்கப் பழக்கிவிட்டு, நான் மேசைக்குக் கீழே ஒளிப்பது எப்படி?

"நான்தான் ஐயா. வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டவ. காட்டினனான்."

"என்னத்தை?"

மேல் தட்டிலிருந்து கட்டை இறக்கி, அவர் எறியச் சொன்ன தோட்டக்காரரின் பிரசுரத்தை மேலே வைத்துக் கொடுத்தேன். நான் அதை எறியவில்லை என்பதும் அத்தோடு தெரிந்துவிட்டது. அவர் அதை வாங்கிக்கொண்டார். வாசிப்பு மேசையில், நித்திரைக் கிழவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் புத்தகக் கற்றலொக் கார்ட்டுகளை அடுக்குவதுபோல அடுக்கினேன். ஒரு பின்னேரம் முழுவதும் வாசித்தார். இடையில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி, மடித்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

எழும்பும்போது கட்டை என் மேசையில் வைத்தார்.

"இதைக் கழட்டாமக் கட்டுங்கோ" என்றார். புதுப் புத்தகமும் எடுக்கவில்லை, வெறும் பையோடு போனார்.

அதன் பிறகு அவர் என்னோடு மரியாதையாகத்தான் நடந்தார், ஆனால் பிள்ளை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். என் நிரந்தர நியமனம் அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அது அவருடைய கோபமா, சபையின் சோம்பலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடமிருந்தது.

6. இறங்குதுறை

கட்டி முடித்த பிறகு ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் இறங்குதுறைக்குப் போனேன். மூதூர் லோஞ்ச் அப்போதுதான் வந்து ஆட்களை இறக்கியிருந்தது. கடைக்குள் ஆவிக்கு நடுவில் கனகம் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருந்தாள். சுபைதா வாசலில் இருந்து ஆட்களைக் கூப்பிட்டாள். என்னைக் கண்டதும் கனகம் வாங்கைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

அவளோடு அவ்வளவு ஒத்திகை பார்த்த எனக்கு அதுதானே முதல் கேள்வியாக வரும்.

"எந்தப் பதிலுக்கு ஐயா மடங்கினவர்?"

"நான் ஒரு பதிலும் சொல்லேல்ல மிஸ். நாங்கள் பழகினதில ஐயா ஒண்டுமே கேக்கேல்ல."

"ஒண்டுமே?"

"நான் போய் முன்னுக்கு நிண்டு, ஐயா நான் போகப்போறன் எண்டன். எல்லாம் ஆயத்தமா வைச்சிருந்தனான். பிள்ளை மாதிரி எண்டுவார், வெளியில அழிஞ்சுபோவாய் எண்டுவார் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். ஐயா பேப்பரை மடிச்சு வைச்சார். பிறகு கேட்டார், 'அப்ப நாளைக்குக் காலமை தேத்தண்ணி ஆர் போடுறது?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"அது உங்கட புத்தகத்தில இல்லையே மிஸ். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சிட்டன். ஐயா முகத்தைத் திருப்பிட்டார். நான் என்ர பெட்டியை எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு மா எடுக்கத் திரும்பினாள். நான் இடியப்பத்தைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நூலக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தைக் கழட்டி எறியாதீர்கள். அது யாருக்குத் தேவைப்படும் என்று உங்களுக்குத் தெரியாது, சபைத் தலைவருக்கும் தெரியாது. இது வேலையைப் பற்றிய பாடம்.

மற்றப் பாடம் எனக்கு. அந்த வால்யூமை ஓய்வுபெறும்வரை பலமுறை புரட்டியிருக்கிறேன். வேதம், சட்டம், வியாபாரம், கருணை என்று இரண்டு பக்கமும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். சீனியை நிறுத்தச் சொன்னவர் மட்டும் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கிட்ட வந்து போயிருக்கிறார். நாளைக்குக் காலையில் அதைப் போடுவது யார் என்ற கேள்வியை ஒருவரும் எழுதவில்லை. அந்த ஒரு வரியை எழுத வெட்கப்பட்டுத்தான் மிச்சம் அத்தனையையும் எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.